அடிக்கடி பயணிப்பவர்களுக்கு எந்தக் காப்பீடு: ஆண்டு பாலிசியா, ஒற்றைப் பயண பாலிசியா?

வருஷத்துக்கு எத்தனை தடவை வெளிநாடு போனால் ஆண்டு பாலிசி லாபம்? பயணக் காப்பீடு பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வருவது இந்தக் கேள்விதான். "மூன்று தடவைக்கு மேல் போகிறவர்கள் ஆண்டு பாலிசி எடுத்துவிடலாம்" என்ற பதிலும் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. பணக் கணக்காக மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. உங்கள் பயணங்களிலேயே நீளமானது எத்தனை நாள்? டிக்கெட்டையும் ஓட்டலையும் எவ்வளவு காலம் முன்கூட்டியே பதிவு செய்கிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கும் ஆண்டு பாலிசி, விலை மலிவாக இருந்தும் தேவைப்படும் நாளில் கைகொடுக்காமல் போகலாம். அதனால் விலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குவோம்.

பயணக் காப்பீடு என்பது ஒரே காப்பீடு அல்ல, பல காப்பீடுகளை ஒரே பாலிசிக்குள் வைத்துத் தருவது. வெளிநாட்டில் திடீரென்று நோய் வந்தாலோ விபத்து நேர்ந்தாலோ மருத்துவமனைச் செலவு. தேவைப்பட்டால் மருத்துவத் துணையோடு சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது. பயணம் தொடங்கும் முன்பே ரத்தானால் திரும்பக் கிடைக்காத பணம். பாதியில் திரும்ப நேர்ந்தால் மீதிப் பகுதியின் இழப்பு. பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது. நம்மால் வேறொருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் கொடுக்க வேண்டிய இழப்பீடு. இவை எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு உண்டு, தனி நிபந்தனை உண்டு.

இவற்றில் எது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருத்துவச் செலவும் நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும்தான் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியவை. அடுத்தது ரத்துச் செலவு. பெட்டி தொலைவதற்காகக் காப்பீடு எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சர்வதேச விமானங்களில் அதற்கு விமான நிறுவனமே பொறுப்பு. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் பெட்டிகளுக்கான அந்தப் பொறுப்பின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகு. ஆகவே பாலிசிகளை ஒப்பிடும்போது பெட்டிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி இரண்டு வகைகள். ஒற்றைப் பயண பாலிசி, புறப்படும் தேதியையும் திரும்பும் தேதியையும் குறிப்பிட்டு வாங்குவது. வீடு திரும்பியதும் அதன் வேலை முடிந்தது. ஆண்டு பாலிசி, பல பயண பாலிசி என்றும் சொல்வார்கள், 12 மாதங்களுக்கு நடப்பில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. இந்தத் தேர்வு புதியதும் அல்ல. 1849-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி, ரயில் விபத்துக் காப்பீட்டை ரயில் நிலையத்திலேயே டிக்கெட்டோடு விற்றது. ஒரு பயணத்துக்கு மட்டுமான சீட்டும் உண்டு, அடிக்கடி ரயிலேறுகிறவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் எடுக்கும் காப்பீடும் உண்டு. பயணக் காப்பீடு பிறந்தபோதே இந்த இரண்டு வடிவங்களும் கூடவே வந்துவிட்டன.

ஒரு பயணத்துக்கு எத்தனை நாள்?

"ஆண்டு பாலிசி" என்ற பெயரைக் கேட்டதும் வருஷம் முழுக்க எங்கே இருந்தாலும் பாதுகாப்பு என்று மனம் நினைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. ஒவ்வொரு பயணமும் இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும் என்ற வரம்பு கிட்டத்தட்ட எல்லா ஆண்டு பாலிசிகளிலும் உண்டு. 30 அல்லது 31 நாள் பரவலாகக் காணப்படுவது. 45, 60, 90 நாள் என்றும் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கும். 12 மாதம் என்பது பாலிசியின் ஆயுள். ஒரு பயணத்துக்கு அது தரும் ஆயுள் இந்த நாள் வரம்புதான்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதில்தான் பாலிசிகள் வேறுபடுகின்றன. சில பாலிசிகள் 31-ஆம் நாள் வரை காப்பீடு தரும், 32-ஆம் நாளிலிருந்து தராது. வேறு சில இன்னும் கடுமையானவை: தொடக்கத்திலேயே 40 நாளுக்குத் திட்டமிட்ட பயணம் என்றால் அது இந்தப் பாலிசிக்கு உட்பட்ட பயணமே அல்ல, முதல் நாளில் கால் முறிந்தாலும் பணம் வராது. திரும்பும் டிக்கெட்டின் தேதியே அவர்களுக்குச் சான்று. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருக்கும்; ஆனால் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு முழு மருத்துவமனை பில். பாலிசி ஆவணத்தில் "பயணம்" என்பதற்கான வரையறை முதல் சில பக்கங்களுக்குள் இருக்கும். வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் அந்த ஒரு பத்தியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

அதே வரையறையில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கும். பயணம் என்பது வழக்கமாக வசிக்கும் நாட்டில் தொடங்கி, அங்கேயே வந்து முடிய வேண்டும். திரும்பும் டிக்கெட் இல்லாமல் வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடிபெயர்பவர்களுக்கு ஆண்டு பாலிசி பொதுவாகப் பொருந்தாது. ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் சுற்றுகிறவர்களுக்கும் அப்படியே. எத்தனை நாடு, எத்தனை விமானம் என்பது கணக்கில் வராது. வீட்டை விட்டுக் கிளம்பி மீண்டும் வீடு வந்து சேரும் வரை அது ஒரே பயணம். ஆறு நாடுகளைத் தொட்டு 70 நாள் கழித்துத் திரும்புகிறவர் தன்னை அடிக்கடி பயணிப்பவர் என்றே நினைத்துக்கொள்வார். காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் அவர் ஒரே ஒரு நீண்ட பயணம் போனவர்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் விஷயம். ஆண்டுக்கு ஒருமுறை போவார்கள், ஆனால் நான்கு, ஐந்து மாதம் தங்குவார்கள். "ஆண்டு பாலிசி எடுத்திருக்கிறோம், வருஷம் முழுக்கச் செல்லும்" என்று பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். வயதானவர்கள், மருத்துவச் செலவு வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள், இரண்டாவது மாதத்திலிருந்து காப்பீடே இல்லாமல் அங்கே இருப்பார்கள். அவர்களுக்குத் தேவை தங்கும் காலம் முழுவதையும் பெயர்சொல்லி ஏற்கும் ஒற்றைப் பயண பாலிசி, அல்லது நீண்ட காலம் தங்குவதற்கென்றே விற்கப்படும் பாலிசி.

நாள் எண்ணும்போது கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்தே பெரும்பாலும் எண்ணப்படும். 30 நாள் வரம்புக்கு 30-ஆம் நாள் இரவு விமானம் என்று டிக்கெட் போட்டால், அது நள்ளிரவைத் தாண்டி வந்து இறங்கினாலே வரம்பு மீறிவிடும். விமானம் ரத்து, மருத்துவமனையில் அனுமதி போன்ற காரணங்களால் திரும்ப முடியாமல் போனால் காலத்தைத் தானாக நீட்டிக்கும் பிரிவு பல பாலிசிகளில் இருக்கிறது. ஆனால் அது நம் கைமீறிய காரணங்களுக்கு மட்டும். ஊர் பிடித்துப்போய்க் கூடுதலாக இரண்டு நாள் தங்கினால் பொருந்தாது.

ரத்துக் காப்பீடு எந்த நாளிலிருந்து?

முன்கூட்டியே பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஒற்றைப் பயண பாலிசியில் ரத்துக் காப்பீடு பொதுவாக வாங்கிய நாளிலிருந்தோ அதற்கு மறுநாளிலிருந்தோ நடப்புக்கு வந்துவிடும். மருத்துவக் காப்பீடு மட்டும் பயணம் தொடங்கும்போது தொடங்கும். அதனால் டிக்கெட் எடுத்த கையோடு பாலிசியும் எடுத்தால், கிளம்பும் நாள் வரை உள்ள காலத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

ஆண்டு பாலிசியில் எல்லாமே பாலிசி தொடங்கும் தேதியோடு கட்டப்பட்டிருக்கும். ஜனவரியில் டிக்கெட் எடுக்கிறீர்கள், பயணம் ஆகஸ்டில். இப்போதே தொடங்கினால் ஏழு மாதம் வீணாகுமே என்று பாலிசியின் தொடக்கத் தேதியை ஆகஸ்ட் முதல் நாள் என்று வைக்கிறீர்கள். மே மாதம் வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை, பயணம் ரத்து. பணம் கட்டியிருந்தும் பாலிசி இன்னும் பிறக்கவில்லை, ஆகவே ஒன்றும் கிடைக்காது. அந்த ஏழு மாதம் வீணாகும் காலம் அல்ல. ரத்துக் காப்பீடு வேலை செய்யும் காலமே அதுதான். பெரிய தொகையை முன்பணமாகக் கட்டுகிறவர்கள் ஆண்டு பாலிசியை முதல் முன்பதிவு நாளிலிருந்தே தொடங்கிவிடுவது நல்லது.

மறுமுனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலிசி செப்டம்பரில் முடிகிறது. ஜூனில் பதிவு செய்த பயணம் நவம்பரில். செப்டம்பர் வரை பழைய பாலிசி ரத்துச் செலவை ஏற்கும். அதற்குப் பிறகு புதுப்பித்த பாலிசி இருந்தால்தான் தொடர்ச்சி. நடுவில் ஆகஸ்டில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், புதுப்பிக்கும்போது அது ஏற்கெனவே இருக்கும் நோயாகிவிடும். அதனால் நேரும் ரத்தைப் புதிய ஆண்டின் பாலிசி ஏற்க மறுக்கலாம். பாலிசி முடியும் தேதிக்கு முன் கிளம்பி அதற்குப் பின் திரும்பும் பயணத்திலும் கவனம் தேவை. பல நிறுவனங்கள் முடியும் தேதியோடு கையை விரித்துவிடும். அதே நிறுவனத்தில், கிளம்பும் முன்பே புதுப்பித்துவிட்டால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம்.

இதனோடு சேர்ந்தது, "ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு" என்ற விதி. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஓர் ஆபத்துக்குப் பிறகு வாங்கும் காப்பீடு, அந்த ஆபத்தால் வரும் இழப்பை ஏற்காது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை மூடவைத்தபோதும், 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த காலத்திலும் இந்த விதி பயணிகளின் முன்னால் வந்து நின்றது. ஆண்டு பாலிசி வைத்திருப்பவர்கள் "நான் பாலிசி எடுத்தது நிகழ்வுக்கு முன்பல்லவா" என்று கேட்பார்கள். பல பாலிசிகளின் வாசகம் இப்படி: பாலிசி வாங்கிய நாள், பயணத்தைப் பதிவு செய்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவே கணக்கு. ஜனவரியிலேயே பாலிசி இருந்தாலும், ஆபத்து தெரிந்த பிறகு டிக்கெட் எடுத்தால் பயன் இல்லை. ஆண்டு பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் சிக்கலான இடத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பயணம் வேண்டாம் என்று உங்கள் அரசு எச்சரித்த இடத்துக்குப் போனாலும் பல பாலிசிகள் அப்படியே செல்லாமல் போய்விடும்.

தொகை ஒவ்வொரு பயணத்துக்குமா, ஆண்டு முழுமைக்குமா?

ரத்துக்கு 5,000 வரை என்று ஆண்டு பாலிசியில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமும் ஆகட்டும். சில பாலிசிகளில் அது ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். வேறு சிலவற்றில் அது ஆண்டு முழுமைக்கும் சேர்த்து ஒரே தொகை. மார்ச்சில் ஒரு பயணம் ரத்தாகி 4,000 வாங்கிவிட்டால், அக்டோபரில் எவ்வளவு இழந்தாலும் கையில் மீதி 1,000 மட்டும். ஒற்றைப் பயண பாலிசியில் இந்தக் குழப்பமே இல்லை. பயணச் செலவு எவ்வளவோ அதற்கேற்ற தொகையை ஒவ்வொரு முறையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆண்டு பாலிசியில் எல்லாப் பயணத்துக்கும் ஒரே வரம்பு என்பதால், சின்னச் சின்னப் பயணங்களுக்கு மிதமிஞ்சியும், அந்த ஒரு பெரிய பயணத்துக்குப் போதாமலும் அமைந்துவிடும்.

இழப்பில் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பகுதிக்கு டிடக்டிபிள் என்று பெயர். ஆண்டு பாலிசி ஒன்றுதான் என்பதால் இதை ஒருமுறை கட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக ஒவ்வொரு க்ளெய்முக்கும் (இழப்பீட்டுக் கோரிக்கைக்கும்), சில பாலிசிகளில் ஒரே சம்பவத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கழிப்பார்கள்.

உடல்நிலை நடுவில் மாறினால்

ஏற்கெனவே இருக்கும் நோய் எதையும் மறைக்கக் கூடாது என்பது எந்தக் காப்பீட்டுக்கும் பொது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். க்ளெய்ம் மறுக்கப்படும் இடமும் அதுதான். ஒற்றைப் பயண பாலிசியில் இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறோம். அதனால் பதில் எப்போதும் புதியது.

ஆண்டு பாலிசியில் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். பல நிறுவனங்களின் நிபந்தனை வேறு. புதிய நோய் கண்டுபிடிக்கப்பட்டாலோ, மருந்து மாற்றப்பட்டாலோ, அளவு கூட்டப்பட்டாலோ, பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்டாலோ, அடுத்த பயணத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், அந்த நோயை மட்டும் விலக்கலாம். சொல்வதால் விலை ஏறும் என்று தயங்குவது இயல்புதான். ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு மாத்திரைக்காக முழு க்ளெய்மும் போய்விடும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் பிரீமியம் சிறியது.

வயது வரம்பும் இங்கே வரும். ஒற்றைப் பயண பாலிசி மிக முதிர்ந்த வயதிலும் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆண்டு பாலிசிக்கோ 65, 70, 75 என்று பல நிறுவனங்கள் முன்பே கதவைச் சாத்திவிடும், அல்லது ஒரு பயணத்துக்கான நாள் வரம்பைக் குறைத்துவிடும்.

எங்கே போகிறீர்கள்?

விலையைத் தீர்மானிப்பதில் போகும் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால், உலகம் முழுவதும் என்ற பாலிசியையே அமெரிக்கா, கனடா சேர்த்து ஒரு விலைக்கும் சேர்க்காமல் ஒரு விலைக்கும் விற்பார்கள். ஆண்டில் ஆறு பயணம், அதில் ஒன்று மட்டும் அமெரிக்கா என்றால், அந்த ஒன்றுக்காக ஆண்டு முழுக்க உயர்ந்த விலை கொடுக்கத் தேவையில்லை. அமெரிக்கா சேராத ஆண்டு பாலிசியும், அந்த ஒரு பயணத்துக்குத் தனி பாலிசியும் எடுத்தால் பெரும்பாலும் மலிவாக முடியும். அதேபோல விமானம் மாறுவதற்காக மட்டும் விலக்கப்பட்ட நாட்டில் இறங்கினாலும் காப்பீடு உண்டா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில பாலிசிகள் சில மணி நேரம் வரை அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை.

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா, வாங்குகிறவர்களுக்குக் காப்பீடு விருப்பத் தேர்வே அல்ல. 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விசா சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். அது ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். அவசர மருத்துவத்தையும், நோயாளியையோ உடலையோ தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதையும் ஏற்க வேண்டும். பலமுறை நுழையும் விசா கேட்பவர்கள் முதல் பயணத்துக்கான காப்பீட்டைக் காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கும் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதாக விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். இங்கே ஆண்டு பாலிசி வசதியானது, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய சான்றிதழ் தேடும் வேலை இல்லை. ஆனால் விசா விதி எந்த 180 நாட்களிலும் 90 நாள் தங்க அனுமதிக்கும். உங்கள் பாலிசி ஒரு பயணத்துக்கு 30 நாளோடு நின்றுவிடலாம். விசா அனுமதிக்கும் நாளும் காப்பீடு தாங்கும் நாளும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலிசியின் சான்றிதழில் மருத்துவத் தொகையும் ஷெங்கன் நாடுகளில் செல்லும் என்பதும் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கட்டும். விசா அதிகாரி நிபந்தனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

சாகச விளையாட்டு, உயரமான மலையேற்றம், வாடகைப் பைக் ஆகியவற்றுக்கு இரண்டு வகையிலும் விலக்கு இருக்கும். தேவை இருந்தால் சேர்த்து வாங்க வேண்டும். பனிச்சறுக்குக்குச் சில ஆண்டு பாலிசிகளில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று தனி வரம்பே உண்டு. ஒரே ஒரு பயணத்தில் மட்டும் இப்படிப்பட்ட ஆசை இருந்தால், அந்தப் பயணத்துக்கு ஒற்றை பாலிசி எடுப்பது எளிது.

இப்போது விலைக் கணக்கு

இதுவரை சொன்ன வடிகட்டிகள் எல்லாவற்றையும் கடந்து இரண்டு வகையும் பொருந்துகிறது என்றால், கணக்குப் போடுவது எளிது. வரும் 12 மாதங்களில் உறுதியாகப் போகும் பயணங்களை எழுதுங்கள். போனால் போகலாம் என்பவற்றை விட்டுவிடுங்கள், ஆசைதான் இந்தக் கணக்கைக் கெடுப்பது. ஒவ்வொன்றுக்கும் அதே அளவு மருத்துவத் தொகை, அதே டிடக்டிபிள் உள்ள ஒற்றைப் பயண விலையைப் பாருங்கள். கூட்டுங்கள். ஆண்டு பாலிசி விலையோடு ஒப்பிடுங்கள்.

ஐந்து நாள் பயணத்துக்கு 10 அலகு, இருபது நாள் பயணத்துக்கு 30 அலகு, ஆண்டு பாலிசி 60 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் நான்கு முறை ஐந்து நாள் போகிறவருக்கு ஒற்றைப் பயண பாலிசிகளின் மொத்தம் 40 தான். நான்கு முறை பயணித்தும் ஆண்டு பாலிசி அவருக்கு நஷ்டம். ஆண்டில் மூன்று முறை இருபது நாள் போகிறவருக்கு 90. மூன்றே பயணம்தான், ஆனால் ஆண்டு பாலிசி தெளிவான லாபம். "மூன்று பயணம்" என்ற பொதுப் பதில் ஏன் எல்லோருக்கும் பொருந்தாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஒற்றைப் பயண பாலிசியின் விலை நாள் எண்ணிக்கையோடு ஏறும். ஆண்டு பாலிசிக்கு அது தெரியாது, வரம்புக்குள் இருந்தால் போதும்.

பணத்தில் வராத ஒரு லாபமும் ஆண்டு பாலிசிக்கு உண்டு. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். திங்கள்கிழமை சொல்லி புதன்கிழமை கிளம்பச் சொல்லும் வேலையில் இருப்பவர்கள், உறவினர் உடல்நிலை கேட்டு இரவோடு இரவாக விமானம் ஏறுகிறவர்கள், காப்பீடு வாங்க மறப்பது அப்படிப்பட்ட பயணங்களில்தான். அவர்களுக்கு விலை சற்று அதிகமானாலும் ஆண்டு பாலிசியே சரி. வாரக் கடைசிக்குச் சொந்த நாட்டுக்குள் போய்வரும் பயணங்களையும் சில ஆண்டு பாலிசிகள் ஏற்கும். வீட்டிலிருந்து இத்தனை தூரம் தாண்ட வேண்டும், முன்பதிவு செய்த இடத்தில் இத்தனை இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும்.

வாங்கும் முன் உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். அலுவலக வேலையாகப் போகும் பயணங்களுக்கு நிறுவனமே குழுக் காப்பீடு எடுத்திருக்கலாம்; அப்படி என்றால் அந்தப் பயணங்களை உங்கள் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே நான்கு நாள் விடுமுறையாகத் தங்கினால் அந்த நாட்களுக்கு அது செல்லுமா என்று மட்டும் கேளுங்கள். கிரெடிட் கார்டோடு வரும் காப்பீட்டில், டிக்கெட்டை அந்த கார்டிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. மருத்துவத் தொகை பெரும்பாலும் குறைவு, அல்லது இருக்காது. குடும்பத்துக்குச் சேர்த்து ஆண்டு பாலிசி எடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒவ்வொருவரும் தனியாகப் பயணித்தாலும் செல்லுமா, அல்லது எல்லோரும் சேர்ந்து போனால்தானா? கணவர் வேலைக்காக ஒரு பக்கம், மனைவி மாநாட்டுக்காக இன்னொரு பக்கம் போகும் வீட்டில் இந்த ஒரு வரி முழுப் பாலிசியின் பயனையும் மாற்றிவிடும். குழந்தைகள் பெரியவர் ஒருவரோடு போனால் மட்டும் என்பது பல பாலிசிகளில் உண்டு.

அடிக்கடி பயணிக்கிறவர்களில் பலருக்குச் சரியான விடை இரண்டில் ஒன்று அல்ல, இரண்டும். குறுகிய பயணங்களுக்கு 30 நாள் வரம்புள்ள சாதாரண ஆண்டு பாலிசி. ஆண்டில் ஒருமுறை வரும் நீண்ட பயணத்துக்கோ, செலவு மிகுந்த பயணத்துக்கோ தனியாக ஓர் ஒற்றைப் பயண பாலிசி. அந்த நீண்ட பயணத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒற்றை பாலிசியே ஏற்கும்படி தேதிகளை வையுங்கள். முதல் 30 நாளை ஆண்டு பாலிசி பார்த்துக்கொள்ளும், மீதிக்கு மட்டும் இன்னொன்று என்று பிரித்து எடுப்பது வேண்டாம். பயணம் தொடங்கிய பிறகு நடப்புக்கு வரும் பாலிசியைப் பல நிறுவனங்கள் விற்பதில்லை. திட்டமிட்ட பயணமே வரம்பு மீறியது என்று ஆண்டு பாலிசி ஒதுங்கிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது.

ஒரே பயணத்துக்கு இரண்டு பாலிசியும் பொருந்தும் நிலை வந்தால், இரண்டிலும் முழுத் தொகையை வாங்க முடியாது. மருத்துவச் செலவும் ரத்துச் செலவும் இழப்பை ஈடுகட்டுவதற்கானவை என்பதால், நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். க்ளெய்ம் படிவத்தில் "வேறு காப்பீடு உள்ளதா" என்ற கேள்வி இதற்காகத்தான். அங்கே இரண்டு பாலிசி எண்களையும் எழுதிவிடுங்கள். மருத்துவமனையில் சேரும்போது எந்தப் பாலிசியின் அவசர உதவி எண்ணை முதலில் அழைப்பது என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்து, உடன் வருபவரிடம் சொல்லி வையுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் பெரிய சிகிச்சைக்கு முன் அந்த எண்ணில் பேசி ஒப்புதல் பெறுவது கட்டாயம். அப்போது பேசும் நிலையில் நீங்கள் இல்லாமல் போகலாம்.